மூணு ஓட்டும் குன்னூர் பொதுப் பெட்டியும்

காட்டெருமைக்குப் பயப்படுகிறவர்கள், கரடிக்குப் பயப்படுகிறவர்கள், பர்லியார் வளைவில் டிரைவர் போனை எடுத்தால் பயப்படுகிறவர்கள் என்று எங்கள் மலையில் பல வகை மனிதர்கள் உண்டு. ஆனால் ‘இரண்டு’ என்ற எண்ணுக்குப் பயந்த மனிதர் நீலகிரி மாவட்டம் முழுவதற்கும் ஒருவர்தான். அவரோடு ஒரே மேசையில் பதினோரு மாதம் வேலை பார்த்தவளும் நான் ஒருத்திதான்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் பயன்படுத்தவில்லை. மேனேஜர் முதல் எதிர்ப்பக்கத்து பேக்கரிக்காரர் வரை எல்லோருக்கும் அவர் மூணு ஓட்டு. வயது முப்பத்தைந்து இருக்கும். அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலை ஏறி வந்தவர். அறைக்குள்ளும் மங்கி குல்லாவைக் கழற்ற மாட்டார். காது இருக்கும் இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் வட்டமாகக் கத்தரித்து வைத்திருந்தார். சர்வரின் சத்தம் மாறினால் கேட்க வேண்டுமாம்.

ஓர் அறையில் ஒருவர் மட்டும் இருந்தால் அவருக்குக் கவலையில்லை. மூன்று பேர் இருந்தால் கொண்டாட்டம். இரண்டு பேர் என்றால் குன்னூர்க் குளிரிலும் அவருக்கு நெற்றி வேர்க்கும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே காரணத்தைச் சொல்லிவிட்டார்.

“ஒருத்தர் இருந்தா அவர் சொன்னது சட்டமுங்க, அம்மிணி. மூணு பேர் இருந்தா ரெண்டு பேர் சொன்னது சட்டம். ரெண்டே பேர் இருந்தா? நீங்க ஒன்னு சொல்லுவீங்க, நான் ஒன்னு சொல்லுவேன். கடைசி வரைக்கும் மொறச்சுப் பாத்துட்டு நிக்கோணும்.”

இதைத் தத்துவம் என்று நினைத்துத் தலையாட்டினேன். அரை மணி நேரத்தில் அது டீ என்று தெரிந்தது. அவருக்குக் காபி குடிக்க வேண்டும், எனக்கு டீ. மூன்றாவது ஓட்டுக்காகப் படியிறங்கிப் போய், பார்சல் கொடுக்க வந்த கூரியர்காரரைக் கையோடு அழைத்து வந்தார். கூரியர்காரர் நெடுநேரம் யோசித்து, ஹார்லிக்ஸ் என்றார். ஆளுக்கு ஒரு ஓட்டு, யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மூவரும் சுடுதண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினோம். அவர் முகத்தில் மட்டும் ஒரு திருப்தி இருந்தது. தப்பான முடிவு எடுக்கவில்லையாம்.

கல்யாணத்துக்கும் இதே கணக்குத்தான். பல்லடத்தில் பெண் பார்க்கப் போனவர், பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் குடும்பத்தில் இரண்டே பேர் இருப்பது ஆபத்து, ஆகவே மாமியாரும் நிரந்தரமாகக் கூடவே வந்து இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். இப்படி ஒரு மாப்பிள்ளையை வாழ்நாளில் பார்த்திராத மாமியார் கண்கலங்கி, அங்கேயே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாராம். பெண்தான் முடியாது என்று சொல்லிவிட்டாள். “அந்த ஊட்டுல ஒன்னுக்கு ஒன்னு ஆயிருச்சுங்க” என்றார் மூணு ஓட்டு, கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

எங்கள் அலுவலகம் பதினோரு தேயிலை பேக்டரிகளின் கம்ப்யூட்டர் வேலையைப் பார்த்துக்கொண்டது. கொழுந்து நிறுக்கும் கொட்டகைகளில் தராசுக்காரர் மூட்டையைத் தூக்கி மாட்டியதும், எடை நேராக குன்னூரில் எங்கள் சர்வருக்கு வரும். சர்வர் சரி என்றால்தான் தராசு அடுத்த மூட்டையை ஏற்கும். சர்வர் படுத்துவிட்டால் நிறுவை நிற்கும். மூட்டைக்குள் கொழுந்து புழுங்கிச் சூடேறும். அரை நாள் விட்டால் சிவந்துவிடும். போன வருட மழையில் அப்படி அரை நாள் ஆகிவிட்டது. பதினோரு பேக்டரிக்காரர்களும் போட்ட சத்தத்தில் எங்கள் மேனேஜருக்குச் சர்க்கரை ஏறியது.

அதனால்தான் புது ஏற்பாடு. ஒரு சர்வருக்குப் பதிலாக இடது, வலது என்று இரண்டு. எனக்குத் தெரிந்த உவமையில் சொல்கிறேன். நான் பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடு, அதுதான் லயம். சர்வரும் அப்படித்தான். ஒரு பெரிய மெஷினுக்குள் பதினோரு பேக்டரிக்கும் பதினோரு சின்னக் கம்ப்யூட்டர்கள் குடியிருக்கும். வி.எம். என்போம். இடது லயத்தின் கூரை இடிந்தால், பதினோரு குடும்பமும் நிமிடத்தில் வலது லயத்துக்குக் குடிபோக வேண்டும். அதற்கு அவர்களுடைய பண்டம் பாத்திரமெல்லாம் இரண்டு லயத்துக்கும் கை எட்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஷேர்டு ஸ்டோரேஜ் என்று பெயர். நாங்கள் பொதுப் பெட்டி என்றோம். குடியேற்றுவது என் வேலை. பொதுப் பெட்டி மூணு ஓட்டுடைய வேலை.

இரண்டு பேரையும் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்கள். நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. கார்த்திகை மாதம் பேக்டரிக்காரர்கள் முன்னால் சோதனை நடக்கும், அன்று யார் வேலை சுத்தமாக நிற்கிறதோ அவருக்கு ஆர்டர் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

இங்கே நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். சேர்ந்த முதல் வாரமே அம்மாவுக்குப் போன் செய்து, பெர்மனென்ட் ஆகிவிட்டது என்று சொல்லியிருந்தேன். எஸ்டேட்டில் அந்த வார்த்தையின் எடை வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. சிலோனிலிருந்து வந்த தாத்தா எஸ்டேட் பேரேட்டில் பேர்பதிவு ஆகாமலேயே போய்ச் சேர்ந்தார். அம்மா பல வருடம் டெம்பரவரியாகக் கொழுந்து எடுத்துத்தான் பெர்மனென்ட் ஆனாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கூடலூரில் டிகிரி வாங்கியபோது லயமே வாசலில் நின்று பார்த்தது. நான் போய் டெம்பரவரி என்று சொல்வேனா? அம்மா மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்திலேயே எல்லோருக்கும் சொல்லி, பீல்டு ஆபீசருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டாள். அந்த இடம் எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

மூணு ஓட்டுக்கோ இடத்தைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய கவலையெல்லாம் இரண்டு சர்வர் என்பதில் இருந்தது. இரண்டு. அவர் பயந்த அதே எண். மேனேஜரை உட்காரவைத்து விளக்கினார்.

“ஒரு அண்டா, ரெண்டு சமையல்காரருங்க. மொதல் ஆளு மயங்கி விழுந்தா ரெண்டாவது ஆளு கரண்டிய எடுக்கோணும். சரிங்களா? ஆனா மொதல் ஆளு மயங்கல, சும்மா பின்பக்கம் போன் பேசப் போயிருக்காருன்னு வைங்க. ரெண்டாவது ஆளு ஒரு கை உப்பப் போட்டுப்போடுவாரு. போன் பேசினவரு திரும்பி வந்து அவரும் ஒரு கை உப்பு. சாம்பார் போச்சுங்க. கல்யாணமே போச்சுங்க.”

மேனேஜர் பயந்துபோய் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். இரண்டு காரியம் என்றார் மூணு ஓட்டு. முதல் ஆள் உண்மையிலேயே விழுந்தாரா என்று சொல்ல மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். அப்புறம், இரண்டாவது ஆள் கரண்டியைத் தொடுவதற்கு முன்னால் முதல் ஆளின் கை காலைக் கட்டிப் போட்டுவிட வேண்டும். அதாவது அந்த சர்வரின் கரன்ட்டையே வெட்டிவிட வேண்டும். அதற்கென்று, கட்டளை போனால் தானாக அணைக்கிற பவர் ஸ்ட்ரிப் ஒன்றை வாங்கி ரேக்குக்குள் மாட்டினார். ஒன்றாம் துளையில் இடது சர்வர், இரண்டாம் துளையில் வலது சர்வர்.

சாட்சிப் பெட்டி டிபன் பாக்ஸ் அளவுதான். அது எங்கள் கட்டடத்தில் இருக்கக் கூடாது, ஒரே நேரத்தில் எல்லோருக்கும் கரன்ட் போனால் சாட்சி எதற்கு என்று அவர் பிடிவாதம் பிடித்தார். தெருவில் சொந்த ஜெனரேட்டர் வைத்திருந்தது எதிர்ப்பக்கத்து பேக்கரி மட்டும்தான். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பதினோரு தேயிலை பேக்டரிகளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிற ஓட்டு, வர்க்கி பிஸ்கட் அடுக்கிய தட்டுகளுக்கு மேலே ஒரு பலகையில் போய் உட்கார்ந்தது. பேக்கரி அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. பன் வாங்க வந்தவர்களிடமெல்லாம், நம்ம கடையிலதான் ஓட்டு இருக்கு என்று காட்டினார். எந்தக் கட்சி என்று சிலர் கேட்டார்கள். பலகையைத் துடைக்கிற நாளில் பெட்டியை அணைத்துவிட்டு, இன்னிக்கு ஓட்டுக்கு லீவு என்று போன் வேறு செய்வார். மூணு ஓட்டு குடைகூட எடுக்காமல் மழையில் ஓடுவார்.

அன்றிலிருந்து பேக்கரி அண்ணன் எங்கள் ஆபீஸின் மூன்றாவது ஓட்டாகவும் ஆனார். விசிறியை எந்த வேகத்தில் ஓட்டுவது, ரேக்கைச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளுவது எல்லாம் அவரைக் கேட்டுத்தான். சோதனை வாரத்தில் சர்வர்களின் மின்கயிறுகளில் அடையாள நாடா ஒட்ட வேண்டி வந்தது. சிவப்பு என்றார் மூணு ஓட்டு. சிவப்பைப் பார்த்தால் ஏதோ கெட்டுப்போனது போல இருக்கும், நீலம் என்றேன் நான். பேக்கரி அண்ணன் அந்த வாரம் மச்சான் கல்யாணத்துக்கு சத்தியமங்கலம் போயிருந்தார். அவர் வந்ததும் ஒட்டலாம் என்று முடிவானது. இரண்டு கயிறும் கறுப்பு, இரண்டும் ஒரே நீளம், எதிலும் நாடா இல்லை.

ஐப்பசியில் பிடித்த மழை விடவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குன்னூர் மழையில் துணி காயாது. கொடியில் போட்ட சாக்ஸ் ஒரு வாரம் கழித்தும் அதே ஈரத்தோடு, கூடுதலாக ஒரு வாசனையோடு இருக்கும். ஊரிலேயே சூடான காற்று வருகிற இடம் எங்கள் சர்வர் ரேக்கின் பின்பக்கம். மேனேஜரின் ஸ்வெட்டர், கணக்கரின் பனியன், வாட்ச்மேனின் போர்வை எல்லாம் அங்கேதான் தொங்கும். எது எத்தனை மணி நேரம் தொங்கலாம் என்பதற்குக்கூட மூணு ஓட்டு வாக்கெடுப்பு நடத்தியிருந்தார். அதில் மேனேஜரே தோற்றார்.

சோதனைக்கு முதல் நாள். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்ததால் ரேக்கை நகர்த்த வேண்டி, மதிய நிறுவை முடிந்ததும் இரண்டு சர்வரையும் முறைப்படி அணைத்து, பழைய மெஷினை ஓடவிட்டிருந்தோம். மூணு ஓட்டு ஏதோ ஸ்க்ரூ வாங்க மார்க்கெட்டுக்குப் போனார். நான் தனியாக இருந்தேன். மறுநாள் உடுத்த என்னிடம் நல்லதாக ஒரே ஒரு நீலச் சுடிதார்தான். அது நாலு நாளாக ஹாஸ்டலில் சொட்டிக்கொண்டிருந்தது. அதையும் ஹாஸ்டல் இஸ்திரிப் பெட்டியையும் பையில் கொண்டுவந்திருந்தேன். அறையில் கை எட்டுகிற பிளக் அந்த ஸ்ட்ரிப்பில்தான். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கோ தேங்காய் மூடி மாதிரி பெரிது, இரண்டு துளையின் இடத்தை அடைத்தது. இரண்டு கறுப்புக் கயிறுகளையும் பிடுங்கினேன். சுடிதாரைத் தேய்த்தேன். மொறமொறவென்று வந்தது. கயிறுகளைத் திரும்பச் சொருகினேன். பொறுப்பாகத்தான் சொருகினேன், இரண்டும் நன்றாக உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திக்கூடப் பார்த்தேன்.

மறுநாள் பதினோரு மணி, காலை நிறுவைக்கும் மதிய நிறுவைக்கும் இடையில். பேக்டரிக்காரர்கள் நாற்காலியில். மூணு ஓட்டு மங்கி குல்லாவைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். அவருக்கு அவ்வளவு முடி இருக்கும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. சமையல்காரர் கதையைச் சொன்னார். எல்லோரும் ரசித்தார்கள். “இப்ப மொதல் சமையல்காரரு மயங்கறாருங்க” என்று சொல்லி இடது சர்வரின் நெட்வொர்க் கயிற்றைப் பிடுங்கினார்.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இடது ஆளின் குரல் நின்றதும் வலது சர்வர் பேக்கரியைக் கேட்டது. பேக்கரி, ஆமாம் எனக்கும் கேட்கவில்லை என்றது. இரண்டு ஓட்டு விழுந்தது, பெரும்பான்மை. உடனே வலது சர்வர், சொல்லிக் கொடுத்தபடியே, இடது ஆளின் கரன்ட்டை வெட்டு என்று ஒன்றாம் துளைக்குக் கட்டளை போட்டது. ஒன்றாம் துளையில் இருந்தது அதனுடைய கயிறே. வலது சர்வர் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு படுத்தது. இடது சர்வர் உயிரோடுதான் இருந்தது. ஆனால் தான் தனி ஆள், ஒரே ஓட்டு, அண்டாவைத் தொடக் கூடாது என்று அதுவும் சொல்லிக் கொடுத்தபடியே கைகட்டி நின்றது. திரையில் பதினோரு பேக்டரியும் வரிசையாக அணைந்தன.

அறை முழுக்க மழைச் சத்தம். கடைசி நாற்காலியில் இருந்த ஒரு பேக்டரிக்காரர் மேனேஜரிடம் நிதானமாகக் கேட்டார்.

“ஏனுங்க, இப்ப ரெண்டு சமையல்காரருமே மயங்கிட்டாங்களா?”

மூணு ஓட்டு ஓடிப்போய்க் கயிற்றை விரலால் தடவிக்கொண்டே ஸ்ட்ரிப் வரை போனார். விரல் ஒன்றாம் துளைக்கு வந்ததும் நின்றது. எனக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. மொறமொற சுடிதாருக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் எழுப்பிவிட்டோம். பொதுப் பெட்டியில் ஒரு மூட்டையின் எடைகூடத் தவறவில்லை. அண்டாவை யாரும் தொடவில்லையே. மதிய நிறுவையும் தப்பியது. ஆனால் மேனேஜருக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. கயிறு மாறியிருக்கிறது, ஸ்ட்ரிப் யாருடைய பொறுப்பு என்று கேட்டார். எம்படதுங்க என்றார் மூணு ஓட்டு. மூன்றாம் நாள் நிரந்தர ஆர்டர் என் பெயருக்கு வந்தது. நான் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்கெனவே சொன்னது உண்மையாகியிருந்தது, அவ்வளவுதான்.

மூணு ஓட்டுக்கோ இடம் போனது பற்றி ஒரு பேச்சும் இல்லை. அவரை அரித்தது வேறு. கயிற்றைத் தான் மாற்றிச் சொருகியதாக அவருக்கு நினைவில்லை. தான் இல்லையென்றால் ஸ்ட்ரிப் தப்பா, சர்வர் தப்பா, பெட்டியே தப்பா? ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டத்தை நிரப்பாமல் மூன்று நாள் சோறு இறங்காமல் திரிந்தார். கடைசியில் நான்கு மணிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு பேக்கரிக்குப் போய், வர்க்கித் தட்டுக்கு முன்னால் தன் மேலேயே ஒரு விசாரணை வைத்தார்.

“இதுல நான் குற்றவாளியான்னு தீர்மானிக்கோணுங்க. நான்தான் மாத்திச் சொருகினேன்னு எம்பட ஓட்டு.”

பேக்கரி அண்ணன் கல்லாவில் இருந்தபடியே மறுத்தார். “நீங்க ஆறு பன்னு வாங்கினா மூணு தடவ எண்றவரு. நீங்க மாத்தியிருக்க மாட்டீங்க. இல்லைன்னு போட்டுக்கங்க.”

ஒன்றுக்கு ஒன்று. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

இத்தனை நாளும் அவருடைய வாக்கெடுப்புகளில் நான் சிரித்துக்கொண்டே ஓட்டுப் போட்டிருக்கிறேன். அன்றுதான் அதன் உள்ளே மாட்டிக்கொண்டேன். ஆமாம் என்றால் செய்யாத தப்பு அவர் தலையில் உட்காரும். இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். மடியில் பை இருந்தது, பைக்குள் ஆர்டர் இருந்தது. பேசாமல் ஒரு வர்க்கியை எடுத்துக் கடித்தேன். அது முடிந்துவிட்டது. இன்னொன்றை எடுக்க வெட்கமாக இருந்தது.

“நான்தான் சார்” என்றேன். “சுடிதார் தேய்க்க அயர்ன் பாக்ஸ் சொருகினேன். ரெண்டு கயிறயும் புடுங்கினேன். மாத்திட்டேன்.”

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“எத்தன நேரம் ஓடுச்சுங்க?”

“எது சார்?”

“அயர்ன் பாக்ஸு.”

“கால் மணி நேரம்.”

“ஸ்ட்ரிப்பு சூடாச்சுங்களா?”

கொஞ்சம் ஆனது என்றேன். அதற்குத்தான் அவர் முகம் சுருங்கியது. பிறகு மெல்ல மெல்லப் பல் தெரிந்தது. “அப்ப பெட்டி மேல தப்பில்லீங்க. ஸ்ட்ரிப்பும் சொன்ன வேலையத்தான் செஞ்சிருக்குது. எல்லாம் சரியாத்தானுங்க இருந்துருக்குது” என்று பேக்கரி அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று நாள் சோற்றையும் சேர்த்து, நின்ற இடத்திலேயே நான்கு பன் சாப்பிட்டார். எண்ணவேயில்லை.

மேனேஜரிடம் நான் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். பேக்கரி அண்ணன் வாயைத் திறந்தார். மூணு ஓட்டு கையைக் காட்டித் தடுத்துவிட்டார். “அது அம்மிணி ஒருத்தர் விசயமுங்க. அதுக்கு ஓட்டு வேண்டாம்.”

அவர் அதையும் ஓட்டுக்கு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். பேக்கரி அண்ணன் கட்டாயம் என் பக்கம் போட்டிருப்பார். ஹாஸ்டலுக்குப் போகிற வழியில் மேட்டுப் படிகளைப் பாதி ஏறி, திரும்பி இறங்கி, மேனேஜர் அறைக்குப் போனேன். சொல்லி முடித்ததும் அவர் என்மேல் எரிந்து விழுந்தார், கயிற்றை மாற்றியதற்கு அல்ல. “நீயாச் சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா. இப்ப மறுபடி டைப் அடிக்கணும்” என்று அலுத்துக்கொண்டு ஆர்டரை வாங்கி மேசையில் போட்டார். நான் மடித்த மடிப்பு நிமிராமல் அது கூடாரம் மாதிரி நின்றது. மறுவாரம் புது ஆர்டர் மூணு ஓட்டு பெயருக்குப் போனது.

அம்மாவுக்குப் போன் செய்து, முதல் வாரத்துப் பொய்யிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பீல்டு ஆபீசருக்குக் கொடுத்த மிட்டாயைப் பற்றித்தான் முதலில் கேட்பாள் என்று நினைத்தேன்.

“நா பதினாறு வருசம் டெம்பரவரியா கொழுந்தெடுத்தவ” என்றாள் அம்மா. “ஒனக்குப் பத்து மாசத்துலயே காலு வலிக்குதாக்கும்? வையி போன, பெரட்டுக்கு நேரமாச்சு.”

அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனியின் நேர்காணலுக்குப் போனேன். இப்படிச் சேர்ந்து ஓடும் சர்வர் கூட்டத்துக்கு அங்கே கிளஸ்டர் என்று பெயர்; நீங்கள் எப்போதாவது ஒரு கிளஸ்டரைக் கீழே தள்ளியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். நீலச் சுடிதாரில்தான் போயிருந்தேன். இதோ இந்தச் சுடிதாரால்தான் என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னேன். மூன்று பேர் இருந்தார்கள், இரண்டு பேர் சிரித்தார்கள். வேலை கிடைத்தது. ஆறு மாதத்தில் பெர்மனென்ட்டும் ஆகிவிட்டேன். அதை இந்த முறை கடிதம் கைக்கு வந்த பிறகுதான் வீட்டில் சொன்னேன்.

போன வாரம் ஒரு மீட்டிங்குக்கு நடுவில் மூணு ஓட்டுடைய போன். பொதுப் பெட்டியில் பழசாகிவிட்ட ஒரு டிஸ்க்கை ஓடுகிறபோதே மாற்றுவதா, மதிய நிறுவை முடியட்டும் என்று காத்திருப்பதா? பேக்கரி அண்ணன் காத்திருக்கச் சொல்கிறாராம், இவர் மாற்ற வேண்டும் என்கிறாராம். இங்கே இருக்கிற என்னை எதற்குக் கேட்கிறீர்கள், உங்களுக்கு உதவிக்குப் புதுப் பையன் ஒருவன் வந்திருக்கிறானே என்றேன். அவன் நல்ல பையன்தான், ஆனால் எதையும் இதுவரை கீழே தள்ளிப் பார்த்ததில்லை என்றார்.

மாற்றுங்கள் என்றேன். சரிங்க அம்மிணி, வெச்சறாதீங்க, லைன்லயே இருங்க என்று சொல்லிவிட்டு போனை ரேக்கின் மேலே வைத்துவிட்டார். விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கடியில் அவர் தனக்குத்தானே ஒன்று, ரெண்டு, மூணு என்று ஸ்க்ரூ எண்ணுவது கேட்டது. உள்ளே மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் வராந்தாவில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, அவர் எண்ணி முடிக்கிற வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.